மூச்சைப் பிடித்து எடுத்த நட்சத்திரப் படம்

தாஸின் நெஞ்சுக்குள் நட்சத்திரம் பிறந்தது, தக்காளி கிலோ நூற்றிருபதைத் தொட்ட ஆடி மாதத்தில். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இரண்டைப் பற்றியும் பேச்சு இருந்தது. தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. முதலில் தெரிந்தது சூடுதான். துவைத்து அரைகுறையாய்க் காய்ந்த பனியனை அவர் மாட்டிக்கொண்டால், காப்பி குடித்து முடிப்பதற்குள் அது மொடமொடவென்று ஆகிவிட்டது. மழை விடாத மாதமாகையால் அவர் மனைவி தனலக்ஷ்மி இதை ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்டு, தலையணை உறைகளையும் கைக்குட்டைகளையும் அவர் மார்பின்மேல் விரித்து வைத்தார். பிறகு வெளிச்சம் வந்தது. விலா எலும்புகளின் இடுக்கு வழியாக, ஓரத்தில் ரோஜாச் சிவப்பு, உள்ளே போகப்போக நீலம் கலந்த பச்சை, நட்டநடுவில் கண்ணை வைக்க முடியாத வெள்ளை. கரன்ட் போன சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பூண்டும் முறமுமாக வந்து, அவரைச் சுற்றி உட்கார்ந்து உரித்துவிட்டுப் போனார்கள். கரப்பான்பூச்சிகள் வீட்டைக் காலி செய்ததும் அந்த வாரம்தான். எங்கே போயின என்பதை எதிர்வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

தாஸ் கோலார் தங்கவயல்காரர். மைன்ஸ் மூடப்படும்வரை பூமிக்கு அடியில், கூண்டில் இறங்கி, நடந்து, மறுபடியும் இறங்கிப் போகிற ஆழத்தில், மெஷினைத் தோளோடு அணைத்துப் பாறையில் துளை போட்டவர். பாறையில் இருந்த தங்கம் மேலே போனது, தூசி தாஸுக்கு வந்தது. அங்கே பங்கு பிரிக்கிற முறை அதுதான். மூடியபின் பெங்களூருக்கு வந்து கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இத்தனை காலம் கீழே போனவனை மேலே அனுப்புகிறாரே, ஆண்டவர் நியாயஸ்தர் என்று சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் நெஞ்சில் படிந்த கல்தூசி அதுபாட்டுக்கு இறுகிக்கொண்டு வந்தது. தெருமுனைக் கடைவரை போதுமானதாக இருந்த மூச்சு, வாசற்படிவரை என்று ஆகி, கடைசியில் கட்டிலின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை என்று சுருங்கியது. இன்னொரு கிறிஸ்துமஸ் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர்கள் தனலக்ஷ்மியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் அதைத் தனியாகவே வைத்துக்கொண்டார். தாஸ் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தெரியாததுபோல் இருந்தார். இந்த நிலைமையில்தான் மேற்படி நட்சத்திரம் பிறந்தது.

தங்கவயலிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கான பேர் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். சேதியும் அதே ரயிலில் டிக்கெட் இல்லாமல் போய்வரும். தாஸின் நெஞ்சு ஜொலிக்கிறது என்ற சேதி தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையைச் சேர்ந்தபோது அங்கே ஒருத்தருக்கும் நட்சத்திரம் ஞாபகம் வரவில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவன் வயிற்றிலோ நெஞ்சிலோ ஏதாவது மின்னினால் அது என்னவென்று அந்த ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். தாஸ் அந்தக் காலத்தில் தங்கம் முழுங்கியிருக்கிறான், அது இப்போது மேலே ஏறி வருகிறது, அவ்வளவுதான். அடுத்த நாளே ஜெயராமன் வந்து நின்றார். மைன்ஸில் வாச் அண்ட் வார்டு உத்தியோகத்தில் இருந்து, மேலே வருகிற ஒவ்வொருத்தனையும் தடவிப் பார்த்து அனுப்பியவர். இப்போது ஹெப்பகோடியில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி. யூனிபாரத்தோடேயே இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“தாஸு, சட்டையக் கழட்டு.”

“இன்னா ஜெயராமா... உட மாட்டியா நீ? அத்தினி வருசம் கழட்டினேனே... ஒரு பொட்டாவது கெடச்சுதா?”

“அப்ப ஒளிச்சு வெச்சிருந்தே. இப்ப வெளிய தெரியுது. வாயத் தொற.”

“அண்ணா, அவரு வாயத் தொறந்தா மூச்சுதான் போவும், தங்கமா கொட்டும்?” என்றார் தனலக்ஷ்மி, கையில் கரண்டியோடு. “மொதல்ல உக்காந்து காப்பி குடிங்க. அப்புறமா பரிசோதனை பண்ணலாம்.”

ஜெயராமன் காப்பியும் குடித்தார், பரிசோதனையும் பண்ணினார். டார்ச் கொண்டுவந்திருந்தார், தேவைப்படவில்லை. தாஸ் இருமித் துடைத்த கைக்குட்டை ஒன்று மின்மினி மாதிரி கிடந்தது. அதைச் சாட்சிப் பொருளாக மடித்துக்கொண்டு மார்க்கெட் பக்கத்து அடகுக்கடைக்குப் போனார். சேட்டு உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு குன்றிமணி தங்கம்கூட இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். உரைகல் மட்டும் அப்புறம் சில நாள் சிவப்பும் பச்சையுமாக ஒளி விட்டுக்கொண்டிருந்ததால் அந்த வாரம் நகை வைக்க வந்தவர்களுக்கெல்லாம் நல்ல விலை கிடைத்தது. ஜெயராமன் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கம் என்றைக்காவது வெளியே வரும், அப்போது பார்த்தவன் ஒருத்தன் வேண்டும் என்று, வாராந்திர விடுமுறைக்கெல்லாம் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்திருக்கையில் தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடித்துக் கொடுப்பார். அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நுரையீரல் சர்ஜன் டாக்டர் கேத்தரின் எழுதிக் கொடுத்தபடி, தாஸை ஆட்டோவில் உட்காரவைத்து அடுகோடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் லாயிட். தாஸின் மார்பை பிளேட்டோடு ஒட்டி நிறுத்திவிட்டு, சுவிட்சைப் போட அந்தப் பக்கம் போனார். சுவிட்சைப் போடுவதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. கலரில் வந்தது. லாயிட் திரையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் பயப்பட்டார் என்று நினைக்கக் கூடாது. அடையாளம் கண்டுகொண்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை டெலஸ்கோப்பையும் கேமராவையும் காரில் ஏற்றிக்கொண்டு கோலார் பக்கத்து மலைக்குப் போய் நெபுலா என்கிற வான்மேகங்களைப் படம் எடுப்பது அவர் வழக்கம். பெங்களூர் வானத்தில் தெரிவது மூன்றே நட்சத்திரம், அதில் இரண்டு ஏரோப்ளேன், அதனால் அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. “ஊர்ல இருக்கறவங்க பொண்டாட்டி புள்ளைய போட்டோ எடுக்கறாங்க, இவரு போயி பொகைய எடுத்துட்டு வராரு” என்பது அவர் மனைவி மௌரீன் கல்யாணமான நாளாகச் சொல்லிவரும் புகார்.

தூசியும் வாயுவும் ஓரிடத்தில் போதுமான அளவுக்குச் சேர்ந்துவிட்டால் சும்மா இருக்காது, தன் பாரத்தாலேயே உள்ளே சுருங்கிச் சூடாகி ஒருநாள் பற்றிக்கொள்ளும், அப்படிப் பிறந்த இளம் நட்சத்திரம் சுற்றியிருக்கிற மேகத்தையெல்லாம் எரியவைத்துக் கலர் கலராக்கும், வானத்தில் இது தினப்படி நடக்கிற காரியம் என்று லாயிட் விளக்கினார். எக்ஸ்ரே கதிரும் அதுவே விடுமாம். மெஷின் தேவையில்லாமல் போனது அதனால்தான். தாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அப்ப தங்கம் இல்லேன்னு... ஜெயராமன் கிட்ட... ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்” என்றார்.

டாக்டர் கேத்தரினுக்கு நட்சத்திரத்தில் ஆட்சேபணை எதுவும் இல்லை. அவருடைய கவலை வேறு. “அது எரிக்கிறது தூசியையா, நுரையீரலையான்னு எனக்குத் தெரியணும்மா,” என்றார் தனலக்ஷ்மியிடம். “தூசின்னா நாம கையே வைக்கக்கூடாது, அது நல்ல வேலை பண்ணுது. நுரையீரல்னா உடனே நெஞ்சைத் திறந்து எடுத்தாகணும். ஆனா இவர் இருக்கற நெலமைக்கு ஆபரேஷன் டேபிள்லேர்ந்து எறங்கி வருவார்னு நான் பொய் சொல்லமாட்டேன்.” படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் லாயிட் எடுத்த படத்தில் ஒன்றும் விளங்கவில்லை. தாஸ் இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே மேகம் சுழன்று கலங்கி, ஹோலிப்பண்டிகைக்கு மறுநாள் சாக்கடை மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால் போதும் என்றார்கள். தாஸால் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிக்க முடியுமென்றால் அவர் ஏன் அங்கே வரப்போகிறார்? திரும்பத் திரும்ப எடுத்தும் எல்லாம் கலங்கல். கடைசியில் டாக்டரம்மா ஆயுத பூஜை கழிந்த புதன்கிழமைக்கு ஆபரேஷன் என்று தேதி போட்டுவிட்டார். அதற்குள் தெளிவான படம் வந்தால் மறுபடி யோசிக்கலாம் என்றும் சொன்னார். தனலக்ஷ்மி அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த வேட்டி சட்டையை எடுத்து, இப்போதே கட்டிக்கொள்ளுங்கள் என்று தாஸிடம் கொடுத்தார். தாஸ் ஏன் என்று கேட்காமல் கட்டிக்கொண்டார்.

லாயிட்டுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான், தான் மலையில் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வானத்தில் இருப்பதை எவரும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. காற்று ஆட்டும், மேகம் குறுக்கே வரும். அதனால் சின்னச் சின்னதாக நிறைய எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அசைகிறதெல்லாம் அழிந்துபோகும், நிலைத்ததுமட்டும் நிற்கும். தாஸ் நீளமாக மூச்சைப் பிடிக்கவேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலதடவை பிடித்தால் போதும். ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், நடுவில் இளைப்பாற ஒரே அளவு இடைவெளியும் வேண்டும். ஸ்டாப்வாட்சை வைத்துப் பழக்கிப் பார்த்தார். முள் ஓடுவதைப் பார்த்ததும் தாஸுக்குப் பதற்றத்தில் இருக்கிற மூச்சும் போயிற்று. அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உள்ளறையிலிருந்து மௌரீன் ஜெபமாலை சொல்வது கேட்டது. அது அக்டோபர், ஜெபமாலை மாதம். ஜெபத்தின் முதல் பாதியை ஒருத்தர் முன்னால் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சொல்லும், ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் இப்படியே ஐம்பது தடவைக்கு மேல் மாறி மாறிப் போகும். முன்பாதிக்குப் பிடி, பின்பாதிக்கு விடு. லாயிட் எழுந்து கைகழுவாமலேயே மௌரீனைப் போய்க் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜெபத்தின் நடுவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை என்பதால் மௌரீன் பயந்துபோனார்.

மௌரீனைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அந்த மாதா கோவில் பங்கில் அவரைவிட வேகமாக ஜெபமாலை சொல்கிறவர் கிடையாது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு ஆரம்பித்தால் மூன்றாவது விசிலுக்குள் முடித்துவிடுவார். மாதாவுக்கே கேட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்று பெண்கள் சிரிப்பார்கள். பங்குச்சாமியார் பூசை மேடையிலிருந்து, பெயரைச் சொல்லாமல், சிலருக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்க இவ்வளவு அவசரம் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். மௌரீன் அதற்கெல்லாம் அசைந்தவரல்ல.

ஸ்கேன் சென்டர் ஆயுத பூஜையன்று மூடியிருந்தது. காலையிலேயே எக்ஸ்ரே மெஷினுக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக்கூடாது. மெஷினைத் தொடப்போவதில்லை, பிளேட் மட்டும் போதும் என்று லாயிட் சொன்னதால் முதலாளி சாவியைக் கொடுத்து, பிரசாதமாகப் பொரியும் கடலையும் கொடுத்தனுப்பினார். மத்தியானம் தாஸ் புது வேட்டியோடு பிளேட்டில் மார்பை ஒட்டி நின்றார். லாயிட் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டார். வெளியே போகச் சொன்னதற்கு தனலக்ஷ்மி சம்மதிக்காததால் அவருக்கும் புடவைக்குமேல் ஒன்று மாட்டப்பட்டது. ஈயத் தகடு வைத்த கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், மௌரீனும் லாயிட்டின் தெருக்காரர்களும் பாய்போட்டு உட்கார்ந்தார்கள். அது ஜெயராமனின் லீவு நாள் அல்ல. அபார்ட்மென்டில் சொல்லிக்கொள்ளாமலேயே வந்திருந்தார். நெற்றியில் விபூதியோடு, பின்பாதியை எப்படிச் சொல்வதென்று பக்கத்து அம்மாளிடம் மெதுவாகக் கேட்டுப் பாடம்பண்ணிக்கொண்டிருந்தார். தங்கம் வெளியே வரும்போது தான் இருக்கவேண்டும் என்பதே காரணம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, பின்பாதியை இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

அப்புறம் நடந்த தப்பு எவருடைய பக்தியையும் குறைசொல்லும்படியானதல்ல. சாகக்கிடக்கிற மனுஷனுக்காகச் சொல்கிற ஜெபம் ஆயிற்றே என்று, வாழ்நாளில் முதல்தடவையாக, மௌரீன் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை கொடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். தாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. பாதிக்கும் பாதி தாண்டுவதற்குள் அவர் கண் பிதுங்கி, உதடு கறுத்து, உள்ளே இருந்த வெளிச்சம் திரி தாழ்ந்ததுபோல் மங்கியது. இருமிக்கொண்டு பிளேட்டின்மேல் சாய்ந்தார். ஜெபமாலையின் இரண்டாம் மணிக்கும் அதேதான். மூன்றாம் மணிக்கு தனலக்ஷ்மி ஈய அங்கியோடு ஓடிப்போய்க் கதவைக் குத்தினார்.

“அக்கா! மௌரீன் அக்கா! உங்க கால்ல விழறேன், எப்பவும் சொல்றாப்பல சொல்லுங்க! பஸ்ஸு போயிடப்போவுது!”

அப்புறம் மௌரீன் செருமிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, தன் சொந்த வேகத்தில் புறப்பட்டார். அந்த வேகத்தில் முன்பாதி என்பது தாஸின் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மூச்சு முட்டப்போகிற நேரத்துக்குச் சரியாகக் கூட்டம் பின்பாதியை எடுத்தது, தாஸ் விட்டார், இழுத்தார், கூட்டம் முடித்தது, அவர் பிடித்தார். லாயிட் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்தார். தனலக்ஷ்மி தாஸின் முதுகில் கையை வைத்தபடி நின்று பார்த்ததை இப்படிச் சொன்னார். காற்று உள்ளே நின்ற நேரமெல்லாம் அந்த நட்சத்திரம், காற்றடங்கிய மாடத்து விளக்கு மாதிரி, ஆடாமல் நிமிர்ந்து நின்றது. நின்ற நேரமெல்லாம் சுற்றியிருந்த மேகத்தை ஒரு நூலளவு வெளியே தள்ளியது. அத்தனை மாதமும் தாஸின் இளைப்பேதான் அதை வேலைசெய்ய விடாமல் அலைக்கழித்திருக்கிறது.

ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வந்தபோது லாயிட் உள்ளிருந்து சத்தம்போட்டார். “தாஸண்ணா, என்ன பண்றீங்க? விடவேண்டிய எடத்துல விடுங்க! படமெல்லாம் வெளுத்துப்போவுது!” தாஸ் திரும்பிப் பார்த்தார். விட மறந்திருந்தார். முன்பாதி முடிந்து, கூட்டம் பின்பாதியையும் சொல்லி முடித்து, மௌரீன் அடுத்ததைத் துவங்கிவிட்டிருந்தார். அவ்வளவு நேரமும் தாஸ் பிடித்த மூச்சோடேயே, அவசரமில்லாமல், மெஷினுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அடுக்கிய படத்தைச் செவ்வாய்க்கிழமை டாக்டர் கேத்தரின் மேஜைமேல் வைத்தார்கள். சிவப்பும் ஆரஞ்சும் ஓரம் கட்டிய பெரிய பூவிதழ்கள் மாதிரி மேகம், அதற்குள் பச்சைநீலத்தில் ஒரு வளையம், வளையத்துக்குள்ளே ஒன்றுமே இல்லாத கறுப்பு, கறுப்பின் மத்தியில் அந்த வெள்ளைப் புள்ளி. பார்த்தவுடன் டாக்டரம்மாவின் முகம் விழுந்தது. கறுப்பு என்றால் ஓட்டை, நுரையீரல் போய்விட்டது என்று அர்த்தமாகலாம். வேறு யாராயிருந்தாலும் புதன்கிழமையை உறுதி செய்திருப்பார்கள். அவர் மட்டும், எதற்கும் என்று, அடுக்குவதற்கு முன்னால் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். கடைசிப் படங்கள் ஏன் இப்படி வெளுத்திருக்கின்றன என்று கேட்டார். லாயிட் மன்னிப்புக் கேட்கிற குரலில், நோயாளி மூச்சை விட மறந்துவிட்டார், அடுக்கும்போது இவற்றை ஒதுக்கிவிட்டேன் என்றார். டாக்டர் கேத்தரின் அந்த வெளுத்த படங்களை வரிசையாக மேஜைமேல் பரப்பினார்.

“மூச்சு இல்லாத ஆளு மூச்ச விட மறப்பாரா லாயிட்?” என்றார். “ஒதுக்கினதுதான் எனக்கு வேண்டிய படம். இந்தக் கறுப்பு ஓட்டை இல்ல. பெருக்கித் தொடச்ச எடம்.” ஆபரேஷன் கேஸ் ஷீட்டின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து ஜெபமாலையை எடுத்துத் தனலக்ஷ்மியின் கையில் வைத்து, “மாத்திரை இதுதான். மௌரீன் சொல்ற வேகத்துல, தெனம் ஒரு வேளை” என்றார். தனலக்ஷ்மி, தான் சமயபுரத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டவள், வாங்கலாமா என்று யோசித்தார். அம்மனும் மாதாவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று வாங்கிக்கொண்டார். அப்புறம் அங்கேயே, டாக்டரின் அறையில், ஈய அங்கி எதுவும் இல்லாமல் தாஸின் மார்பில் தலையை வைத்து அழுதார். அவர் தலைமுடி கொஞ்சம் கருகியது. யாரும் பொருட்படுத்தவில்லை.

தாஸ் அந்தக் கிறிஸ்துமஸைப் பார்த்தார், அடுத்ததையும் பார்த்தார். பங்குச்சாமியார் விசாரித்தறிந்து, மௌரீனின் வேகத்துக்கு இனி ஆட்சேபணை இல்லை என்று மேடையிலிருந்தே, இந்தத் தடவை பெயரைச் சொல்லி, அறிவித்தார். இருமிவந்த ஒளித்தூசியை தனலக்ஷ்மி முறத்தில் அள்ளி ரோஜாத்தொட்டியில் கொட்டினார், செடி நன்றாக வந்தது. ஜெயராமன் ஒருநாள் தொட்டியைக் கிளறிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்தியடைந்து, தாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, சுரங்க வாசலில் தடவிப் பார்த்த அத்தனை பேரிலும் இவ்வளவு தூசியைக் கடத்திக்கொண்டு போனவன் நீ ஒருத்தன்தான் என்றார். லாயிட்டின் படத்தை எங்கோ போட்டிக்கு அனுப்பியதில், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் இது எந்த நட்சத்திர மண்டலம் என்று கேட்டு எழுதினார்கள். ஸ்ரீராம்புரம், ஐந்தாவது கிராஸ் என்று பதில் போனது. தாஸோ மூச்சுக்கு மூச்சு நன்றி சொல்கிறவராக மாறியிருந்தார். பால்காரருக்கு, பஸ் கண்டக்டருக்கு, டாக்டரம்மாவுக்கு, மெஷின் தள்ளிய காலத்துத் தூசிக்குக்கூடச் சொன்னார். அது வந்து சேராவிட்டால் இது எரிய எதுவுமே இருந்திருக்காது என்பது அவர் கட்சி.

மெட்ரோ டிக்கெட் விலை ஏறிய வருஷம், தங்கவயலில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு பேரும் மெஜஸ்டிக் போய் ரயில் பிடிக்கக் கிளம்பினார்கள். வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியபோது எதிரில் உட்கார்ந்திருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “சார், பட்டன் ஹாக்கொள்ளி சார், லைட் ஹொடீதிதே” என்றார். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம். தாஸ் சாரி சொல்லி மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார், அவர் மறுபடி போனைப் பார்க்கப் போனார். மெஜஸ்டிக்கில் எஸ்கலேட்டர் நிறையக் கூட்டம். தாஸ் இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டு படியில் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் முறுக்கு விஷயத்தில் பண்ணிய தகராறை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். பாதிப் படியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது.”

தாஸ் நின்றார். பைகளைக் கீழே வைக்காமலேயே திரும்பி, மனைவி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சட்டைத் துணி வழியாகக் கசிந்த வெளிச்சம் படியில் விழுந்தது. தனலக்ஷ்மி அதன்மேல் கால் வைத்து ஏறி வந்தார்.